உன் குரல் என் வாயில் இருந்த காலம்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் சித்தரத்தை வாசனை வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் இருமிக்கொண்டே வந்தாள். வாய்க்குள் ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருந்தாள். காரமும் கசப்புமான அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நான் யோசிக்காமலே அவள் பக்கம் திரும்பி, "ஏட்டி, எனக்கொரு துண்டு தா" என்று கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள். நானும் விழித்தேன். வல்லம் வடகாலில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் ஏட்டி என்று கூப்பிடுவதில்லை. அது உன் வார்த்தை. தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் சித்தரத்தையை வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தவளும் நீதான்.

நீ எனக்குள்ளிருந்து முழுசாகப் போய்விட்டாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் எங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டில் திரும்பும் வரைக்கும் அந்தச் சொல்லையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கே அனுப்பப் போகிறாய் என்று கிண்டல் செய்யாதே. உன்னிடம் பேச எனக்கு என்றைக்கு விலாசம் தேவைப்பட்டது?

நீ எங்கள் சபைக்கு முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாய். கம்பெனிச் சட்டை, கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். ஹாஸ்டல் பெண்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பி, தகரக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என் அம்மா என் விலாவில் இடித்து, "யார்டி அது, மைக்க முழுங்கிட்டு வந்தவ மாதிரி பாடறா?" என்றாள். அன்று வரைக்கும் மைக் பக்கத்தில் நின்று பாடுகிறவள் நான்தான். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாய். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் போகிறாய் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். "முன்னால நின்னு பாடுனது நீதானளா? எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு மேல ஏறுத? ஒனக்கு அது எட்டாதுல்லா" என்றாய். பாவி, முதல் பேச்சே அதுதான். அன்றைக்கு உன்னை அடித்திருப்பேன், சபைக்குள் நிற்கிறோமே என்று விட்டேன்.

அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை இழுத்துப் போய்க் கீழ்க்குரல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாய். உன் ஊர்ப் பக்கத்துச் சபைகளில் பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்களாம். எங்கள் சபையில் கிழவர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் ஒரே மெட்டுதான். யார் சத்தம் அதிகமோ அவர் பக்தியும் அதிகம் என்று கணக்கு. பெண்களின் கீழ்க்குரலுக்கு ஆல்ட்டோ என்று பெயராம், அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபோது பிடிக்கவும் இல்லை. அதில் மெட்டே கிடையாது. அரிசி களைகிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. "உன்னை மாதிரியே பாடக் கத்துக் கொடேன்" என்று கெஞ்சினேன். "ரெண்டு பேரும் ஒண்ணயே பாடுனா, அதுக்கு எதுக்குளா ரெண்டு பேரு?" என்று கேட்டாய்.

நாம் இரண்டு குரலாகப் பாடிய முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை மறக்க முடியுமா? மாலை ஆராதனையின் முடிவுப் பாட்டு. சபை அசையாமல் கேட்டது. நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் வெளியே வந்தால், வாசலில் காணிக்கைப் பை பிடிக்கும் பெரியவர் என் அம்மாவிடம் ரொம்ப வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பொண்ணு சோக்கா பாடிச்சும்மா. பாவம், நம்ம எஸ்தருதான் ராகத்த மறந்துட்டு கடைசி வரிக்கும் தப்பாவே பாடிக்கினு இருந்துச்சு." நான் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு என் முகத்தைத் துடைத்து, "நீ தப்பா பாடல. வேற பாடுன. ஆண்டவரு ஒரே தொண்டைய ரெண்டு தடவ செய்ய மாட்டாரு. அவருக்கு அவ்வளவு சோம்பேறித்தனம் கெடையாது" என்றாய். எனக்கு அப்போதும் கோபம்தான். அழகான தொண்டை வைத்திருப்பவளுக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்று நினைத்தேன்.

பிறகு கம்பெனியிலும், அசெம்பிளி லைனில், நம் இருவருக்கும் அடுத்தடுத்த இடம் கிடைத்தது. உள்ளே போனால் எல்லோரும் ஒன்று. வெள்ளை அங்கி, தலைக்கு வெள்ளை உறை, வாய்க்கு மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே தெரியும். சூப்பர்வைசருக்கே ஆள் தெரியாமல் முதுகில் தட்டிப் பெயர் கேட்பார். நான் உன்னை நிற்கிற விதத்தில் கண்டுபிடிப்பேன். இடது காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பாய். மாஸ்க்குக்குள் நீ மேலே முணுமுணுப்பாய், நான் கீழே முணுமுணுப்பேன். எங்கிருந்து பாட்டு வருகிறது என்று தெரியாமல், யாரோ போனை ஒளித்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் மேஜைக்கு அடியெல்லாம் குனிந்து தேடினாரே! அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் மாஸ்க் நனைந்துபோயிற்று.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஹாஸ்டல் சோறு இறங்கவில்லை, ஊருக்குப் போய் அம்மா கையால் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்றாய். பெருங்களத்தூரில் உன்னைத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம நீ ஒத்தையில பாடிறாத. நான் வந்துருதேன்" என்றாய். உன் கை அனலாகக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ வரவில்லை. அடுத்த ஞாயிறுக்கு முன்னால் ஜெபராணிக்குப் போன் வந்தது. உன் ஊர்க்காரி, உன்னோடு அறையில் இருந்தவள், அவள் ஓடிப்போய் அடக்கத்தில் கலந்துகொண்டாள். நான் செகண்ட் ஷிப்டில் இருந்தேன். போன் லாக்கரில் கிடந்தது. இரவு வெளியே வந்து பார்த்தபோது அவள் பஸ் ஏறிப் போயிருந்தாள், இனி நான் கிளம்பினாலும் அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியாது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. பெருங்களத்தூரில் பஸ் ஏறியவள், அவ்வளவுதான். பார்க்காத சாவை நம்பச் சொன்னால் மனசு எப்படி நம்பும்?

உன் அடக்கத்துக்கு அடுத்து வந்த ஆராதனையில், முடிவுப் பாட்டை நான் பாடவேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த கீழ்க்குரலைத் தனியாகப் பாடினால் அது என்ன பாட்டு என்றே யாருக்கும் தெரியாது. அதனால் உன் இடத்துக்கு ஏறினேன். என் தொண்டைக்கு எட்டாது என்று நீ சொன்ன அந்த இடம் அன்று எட்டியது! நீ அடியின் கடைசியில் குரலை வழுக்கி இறக்குவாயே, அதுவும் வந்தது. நீ 'ழ' வருகிற இடத்திலெல்லாம் 'ள' என்று பாடுவாய், நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன், என் வாயிலும் 'ள'தான் வந்தது. பெண்கள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அப்டியே அவளே வந்து பாடற மாதிரி கீது" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால். சொன்னபடி நீ வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக உன்னை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாயில் சித்தரத்தை. எண்ணெய் வழிய இறுக்கிப் போட்ட சடை. பேச்சில் வாரியா, போறியா, என்னத்த. அம்மாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, அப்புறம் பயம் வந்தது. ஒருநாள் அடுப்படியில் நான் ஏதோ சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடி இது? என் வூட்ல யார் பேசிக்கினு கீறா? என் பொண்ணு எங்கடி?" என்று கேட்டாள். மறுநாளே பாஸ்டரிடம் இட்டுக்கொண்டு போனாள். அவர் ஜெபம் செய்தார். துக்கம் அப்படித்தான், நாளாக ஆகத் தெளியும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் பாட்டைக் கேட்கவென்றே படப்பையிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். தெளியட்டும் என்று அவரும் அவ்வளவு அவசரப்படவில்லை.

எனக்குமே தெளிய ஆசை இல்லை. எஸ்தர் செத்துப்போய் நீ உயிரோடு இருந்தால் எத்தனை பேருக்குச் சந்தோஷம் என்று நானே கணக்குப் போட்டிருந்தேன். என்னைக் கேட்க யார் வந்தார்கள்? உன் குரலைக் கேட்கத்தானே எல்லோரும் வந்தார்கள்.

லைனில் உன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். அடக்கத்துக்குப் போன ஜெபராணி அங்கேயே உடம்பு சரியில்லாமல் படுத்து, நீண்ட லீவுக்குப் பிறகு அன்றுதான் திரும்பியிருந்தாள். எனக்கு அது தெரியாது. வெள்ளை அங்கியும் தலை உறையும் மாஸ்க்குமாக, உன் இடத்தில், இடது காலில் பாரத்தைப் போட்டு, உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்னாலிருந்து தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் கண் இரண்டும் அப்படியே நிலைகுத்தி நின்றன. "ஏக்கா... நீ செத்துல்லா போன" என்றாள். அப்படியே சரிந்துவிட்டாள்.

முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனோம். கண்ணைத் திறந்தவள், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நின்ற என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். "யாரு ஒன்ன இப்படி நிக்கச் சொன்னா? அவ பொட்டிக்கு மேல மண்ணு போட்டுட்டு வந்துருக்கேன். நீ எதுக்கு தோண்டுத?" என்று கத்தினாள். நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கன்னம் வலிக்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பழைய கீழ்க்குரலைப் பாடிப் பார்க்க உட்கார்ந்தேன். நீ தொட்டிக்குப் பின்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்த அதே பாட்டு. வாயைத் திறந்தால் உன் மெட்டுதான் வருகிறது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் நீதான் வந்தாய். கீழே இறங்க இறங்க வெறும் காற்று. அப்போதுதான், உன்னை நினைத்து முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. நீ பஸ் ஏறிப் போனாய் சரி, நான் எங்கே போனேன்? கடவுளே, என்னையாவது திருப்பிக் கொடு என்று கேட்டேன். அந்த ஜெபம்கூட உன் ராகத்தில்தான் வந்தது.

வருஷம் திரும்பியதும் உன் நினைவு ஆராதனையை எங்கள் சபையிலும் வைக்கவேண்டும் என்று உன் அம்மா ஆசைப்பட்டார்கள். மகள் பாடிய இடத்தைப் பார்க்கவேண்டுமாம். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அந்தத் தாய் அவ்வளவு தூரத்துலேர்ந்து வராங்க. அப்படியே அவளை மாதிரியே பாடும்மா. அவங்களுக்கு அது ஒரு ஆறுதல்" என்றார். ஒரு தாய் கேட்கிறாள் என்னும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குள் என் குரல் என்று ஒன்று மிச்சம் இருக்காது என்றும் தோன்றியது. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

உன் அம்மா உன்னை மாதிரி இல்லை. கருப்பாக, குள்ளமாக, முன்வரிசையில் தரைக்கு எட்டாத காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஜெபராணி. நான் எழுந்து முதல் சரணத்தை உன் குரலில் பாடினேன். அன்று பாடிய மாதிரி என்றைக்கும் பாடியதில்லை. பின்வரிசை ஹாஸ்டல் பெண்கள் தேம்பினார்கள். பெரியவர் காணிக்கைப் பையால் கண்ணைத் துடைத்தார். உன் அம்மா மட்டும் அழவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடுகிறவர்கள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரணம் முடிந்ததும் எழுந்து, நேரே என்னிடம் நடந்து வந்தார்கள். கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, எஸ்தருங்கது நீதானா?" என்றார்கள். சபை முழுக்கக் கேட்டது, மைக் பக்கத்தில் இருந்தது.

தலையாட்டினேன்.

"எம்மவ போன்ல சொல்லுவா. 'இங்க எஸ்தருன்னு ஒரு பிள்ள இருக்காம்மா, கீழ பாடுதா, அவ கீழ பிடிச்சுக்கிட்டாத்தான் நான் மேல நிக்க முடியுது'ன்னு. எப்பப் பாத்தாலும் ஒன் பேச்சுதான். அந்தப் பிள்ள பாடுததக் கேக்கணும்னுதான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துருக்கேன். இப்ப நீ பாடுனது எம்மவ பாட்டு. அவள நான் பெத்தேன், அவ பாட்டு எனக்குத் தெரியாதா? ஒன் பாட்ட எங்க?"

வரவில்லை என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவர்கள் நம்பவில்லை போல. என் பக்கத்திலேயே நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் சரணத்தின் மெட்டைத் தாங்களே எடுத்தார்கள். ஐயோ, உன் அம்மாவுக்குக் குரலே இல்லை. கரகரப்பு, சுருதி நிற்கவில்லை, மூச்சு பாதியில் அறுந்தது. உன்னுடைய ஒரு சாயல்கூட இல்லை. அந்த மெட்டு எங்கே விழுந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது. தாங்கிப் பிடிக்கலாம் என்று நினைத்தேனோ, அதுகூட நினைத்தேனா தெரியாது, என் வாய் திறந்தது. முதலில் காற்று வந்தது. அப்புறம் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம். அது நான். அழுதுகொண்டே அந்தக் கீழ்க்குரலைக் கடைசி அடி வரை பாடினேன். அழகாக இல்லை. என் அம்மா வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் ஜெபராணி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். உன் அம்மா பஸ் ஏறும்போது, "தனியா இருக்கையிலயும் பாடிக்கிட்டு இரு, என்னா?" என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை உன்னைத் திருட்டுத்தனமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம். உன் மெட்டை எடுத்து மேலே ஏறினேன். பாதியில் தொண்டை உடைந்தது. எட்டவில்லை. நீ முதல் நாள் சொன்ன மாதிரியே எட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, உன்னை அடக்கம் செய்த அன்று அழவேண்டிய அழுகையை எல்லாம் அப்போது அழுதேன்.

இப்போது சபையில் மேலே பாட ஆட்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த ஒருத்தி, வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி. நன்றாகவே பாடுகிறார்கள், உன்னை மாதிரி இல்லை, அவர்கள் அவர்களைப் போலப் பாடுகிறார்கள். நான் கீழே. பெரியவர் கண் மூடும் வரைக்கும் நான் ராகத்தைத் தப்பாகத்தான் பாடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் லைனில் நான் தனி. போன வாரம் என் பக்கத்து இடத்துக்குப் புதிதாக வந்த பெண், மாஸ்க்குக்குள் நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இன்னா பாட்டு அது? ராகமே இல்லாம கீது?" என்றாள். பாட்டின் பெயரைச் சொன்னேன். "அந்தப் பாட்டா? அது மாதிரியே இல்லியே" என்றாள். "இது அதுல பாதிதான்" என்றேன். மீதி எங்கே என்று கேட்க வாயெடுத்தாள், சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

அவர் போனதும் மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாம் அடியில் நீ ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாய், அதற்குள் கீழே நான் மூன்று முறை சுரம் மாற வேண்டும். அந்த இடம் வந்தால் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது. நீ பிடித்திருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு, நான் மெதுவாக மாறி மாறி இறங்குகிறேன். நீ விடும் வரைக்கும் நான் அடுத்த அடிக்குப் போவதில்லை.